சம்பந்தி வீட்டு மூட்டை

அத்தியாயம் பதினான்கு

மதுரையிலிருந்து போடிக்கு வரும் பாசஞ்சர் ரயிலுக்கு அவசரம் என்ற சொல்லே தெரியாது. தண்டவாளத்தோரம் தெரிந்தவர் யாராவது நின்று கை காட்டினால், நலம் விசாரித்துவிட்டுத்தான் நகரும் என்று போடிக்காரர்களே கேலி செய்வார்கள். அன்று காலை அந்த ரயிலில் உட்கார்ந்திருந்த சுரையாவுக்கோ, இது இவ்வளவு வேகமாகப் போகிறதே என்று இருந்தது.

அவள் மடியில் ஒரு பெரிய காக்கி உறை. உறைக்குள் இரண்டு ஸ்கேன் படங்கள். ஒன்று பத்து நாளுக்கு முன் எடுத்தது; மற்றது நாலு வருஷத்துக்கு முன், எண்பத்தைந்தாம் வருஷக் கோடையில் எடுத்தது. இரண்டும் ஒரே தலை. அந்தத் தலைக்குச் சொந்தக்காரர் அவளுடைய அக்கா பாத்துமுத்துவின் கணவர், ஏலக்காய் வியாபாரி நாகூர் கனி.

சென்னைக்கு வந்த இடத்தில், சுரையா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாகூர் கனியின் வலது கை விரல்கள் தாமாகத் துடித்ததையும், துடிப்பு தோள்வரை ஏறி அவர் தட்டோடு சாய்ந்ததையும் போன வாரம் பார்த்தோம். கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மீனு மிச்சம் இருக்கா?" என்பதுதான். மறுநாளே சுரையா தன் ஆராய்ச்சிக்கூடத்து இயந்திரத்தில் அவரைப் படுக்க வைத்துப் படம் எடுத்தாள். முடிவு வருவதற்குள், "காய் சீசன்ல எனக்கு இங்க என்ன சோலி?" என்று அவர் பஸ் ஏறிவிட்டார்.

முடிவு வந்தது. இடப்பக்க மூளையின் மேல், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி.

"கெட்ட கட்டி மாதிரித் தெரியவில்லை. எடுத்துவிடலாம்" என்றார் டாக்டர். பிறகு படத்தை மறுபடி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மெதுவாக வளர்வது. நாலைந்து வருஷமாவது ஆகியிருக்கும். யாரும் பார்க்கவே இல்லையா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் சுரையாவைப் பழைய அலமாரிக்கு ஓட வைத்தது.

மூளைப் படத்தைப் படிக்கக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக் கொடுப்பது அவள் வேலை. பத்து வருஷ வேலை. அந்தக் கம்ப்யூட்டர் பீரோ மாதிரி இருக்கும், அதற்கு மட்டும் தனியாகக் குளிர்சாதன அறை. படத்தை நடுவில் மடித்து, இடப்பாதியையும் வலப்பாதியையும் ஒத்துப் பார்க்கும். ஒத்துவரவில்லை என்றால் கோடு போட்ட தாளில் "சந்தேகம்" என்று அச்சடிக்கும். அதற்கு மேல் அதற்குச் சாமர்த்தியம் கிடையாது. சந்தேகம் என்று வந்த படம் டாக்டரின் மேஜைக்குப் போக வேண்டும் என்பது விதி.

இப்படிக் கற்றுக்கொடுக்க நோயாளிகளின் தலை மட்டும் போதாது, நோயில்லாத தலையும் வேண்டும். சென்னையில் சும்மா போய் ஸ்கேனுக்குள் படுக்க எவன் வருவான்? சுரையா போடிக்கு எழுதினாள். நாகூர் கனி பதில் எழுதினார்: "தலைதானே? ஒரு லோடு அனுப்புகிறேன்."

அனுப்பவில்லை, தானே கொண்டு வந்தார். மூட்டை தூக்குகிறவர்கள், காய் பொறுக்குகிறவர்கள் என்று பன்னிரண்டு பேர், அவரோடு பதின்மூன்று. கடற்கரை, ஒரு சினிமா, வயிறு நிறையப் பிரியாணி என்று பேச்சு. பன்னிரண்டு பேரும் படுத்து எழுந்த பிறகு, "இந்தா ஆத்தா, கடைசித் தலை. சரக்கு பழசு, ஆனா சுத்தம்" என்று சொல்லித் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தார்.

அவருக்கு விழுந்த எண் நாற்பத்தொன்று.

அந்தத் தாள் இப்போது அவள் கைப்பையில் இருந்தது. நாற்பத்தொன்றுக்கு எதிரே இயந்திரம் "சந்தேகம்" என்று அடித்திருந்தது. அதன்மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. பக்கத்தில் சுரையாவின் கையெழுத்தில், "சாதாரணம்."

படம் டாக்டரின் மேஜைக்குப் போகவே இல்லை.

*

"ஏண்டி, ஒரு கடுதாசி போட்டுட்டு வரமாட்டியா? கொமரிப்பிள்ளை மாதிரி திடுதிப்புனு வந்து நிக்கிற!" பாத்துமுத்து தங்கையின் கன்னத்தைத் தடவி விரலை முத்தமிட்டுக்கொண்டாள். பெற்ற அத்தா மவுத்தாகி அடக்கமான பிறகு சுரையாவை வளர்த்தவள் அவள்தான். ஒன்பது வயதில் இந்த வீட்டுக்கு வந்தவளை நாகூர் கனி ஒரு நாளும் மனைவியின் தங்கை என்று நினைத்ததில்லை. பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு மெட்ராஸ் படிப்பு என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசியபோது, தகரப் பெட்டியைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு நடந்தவர் அவர்.

"மச்சான் எங்கக்கா?"

"மெட்டுக்குப் போயிருக்காரு. சம்பந்தி எஸ்டேட்டுக் காய் இன்னிக்கு எறங்குது. ஜீப்பை எடுத்துக்கிட்டு வெள்ளனவே போயிட்டாரு."

"யாரு ஓட்டுறா?"

"அவருதான். கடைப் பையன் கோட்டைச்சாமி கூடப் போயிருக்கான், பேச்சுத் துணைக்கு."

சுரையா கையில் வாங்கிய காப்பியைக் குடிக்காமல் வைத்தாள். போடிமெட்டு மலைப்பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவு. எந்த நிமிஷம் துடிக்கும் என்று தெரியாத கையில் ஸ்டீயரிங்.

"நான் மேல போயிட்டு வந்துர்றேங்கா."

"சோறு தின்னுட்டுப் போடி!"

ஆனால் அவள் தெருவில் இறங்கிவிட்டாள். அடிவாரத்து முந்தல் தாண்டி பஸ் மலையேறும்போது, எதிரே இறங்கிவந்த ஒவ்வொரு ஜீப்பையும் எட்டி எட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் வேறு யாரோ.

*

போடிமெட்டில் டீக்கடைக்கு எதிரே ஜீப் நின்றிருந்தது. பின்னால் மூன்று மூட்டைகள். அவற்றின் மேலும், இடையிலும், வெளிக்கம்பியிலுமாக, வார வேலை முடித்து ஊர் திரும்பும் தோட்டத்துப் பெண்கள் ஒன்பது பேர், இடுப்பில் இரண்டு கைக்குழந்தைகள்.

"அண்ணே, வெரசா எடுங்க! ராசிங்காபுரத்து பஸ்சு போயிரும்!" என்று ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள்.

சாவியை விரலில் சுழற்றியபடி ஜீப்பை நோக்கி நடந்த நாகூர் கனி, பஸ்சிலிருந்து இறங்கியவளைப் பார்த்து நின்றார்.

"அடி கொழுந்தியா! மெட்ராசுல கம்ப்யூட்டரு படுத்துக்கிருச்சா? இங்க வந்து நிக்கிற?"

"மச்சான், சாவியைக் குடுங்க."

"சலாம் இல்ல, சொகமா இருக்கீகளான்னு ஒரு வார்த்தை இல்ல. எடுத்த எடுப்புல சாவியாம். பாத்தியாடா கோட்டைச்சாமி?"

கோட்டைச்சாமி சிரித்தான். "குடுத்துருங்க மாமா. அவுக முகத்தைப் பாத்தா வெளையாட்டாத் தெரியல."

நாகூர் கனி அவள் முகத்தைப் பார்த்தார். நாற்பது வருஷமாக எதிராளியின் முகத்தைப் பார்த்து விலை கணித்தவர். பெண்களைப் பார்த்து, "ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றோம் ஆத்தா, பஸ்சு போனா வீட்டு வாசல்லயே எறக்கி விடுறேன்" என்றார். டீக்கடைக்காரர், "சேச்சிக்குச் சாயா எடுக்கட்டே?" என்று மலையாளத்தில் கேட்டுக்கொண்டே கிளாஸைக் கழுவினார். இருவரும் கடைக்குப் பின்னால், பள்ளத்தாக்கைப் பார்த்த கைப்பிடிச் சுவருக்குப் போனார்கள். கீழே, வெயிலில், போடி தீப்பெட்டிகளைக் கொட்டி வைத்த மாதிரி கிடந்தது.

"சொல்லு."

"தலையில ஒரு கட்டி இருக்கு மச்சான். இடது பக்கம். அதுதான் வலது கையை ஆட்டுது. எடுத்துறலாம். நாளைக்கே கெளம்பணும். அதுவரைக்கும் நீங்க வண்டி தொடக் கூடாது."

பழக்கதோஷம், அவர் பேரத்தை ஆரம்பித்தார்.

"சீசன் முடியட்டும்."

"முடியாது."

"சரி, தை பொறக்கட்டும்."

"மச்சான், இது வெல பேசுற சோலி இல்ல."

"எல்லாம் வெல பேசுற சோலிதான் தாயி. என்னிக்குமே மொத வெலையில ஒத்துக்கிட்டவன் இல்ல நான். சரி, சரக்கைக் காட்டு."

சுரையா புதிய படத்தை மட்டும் உருவினாள். அவர் அதை வாங்கிச் சூரியனுக்கு நேரே பிடித்தார். வலது கையில் பிடித்தது நடுங்கியது. இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வெள்ளையாக நின்ற கட்டியைக் காட்டுவதற்கு அவள் விரல் தேவைப்படவில்லை.

"எம்புட்டுப் பெருசு…" என்றார் மெதுவாக. பிறகு கண்ணை எடுக்காமலே, "உறைக்குள்ள இன்னொண்ணு இருக்கே, அது?" என்றார்.

எதிராளி காட்டாமல் வைத்திருக்கும் கைமேல்தான் வியாபாரிக்குக் கண். சுரையா தயங்கினாள். தயங்கியதிலேயே பாதி தெரிந்துபோயிற்று. அவரே உறைக்குள் கையை விட்டு எடுத்தார்.

பழைய படத்தைச் சூரியனுக்கு நேரே தூக்கினார். மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, தட்டில் பரப்பிய காயைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். அவர் கண் ஒரு இடத்தில் நின்றது. பத்து எண்ணுவதற்குள்.

"இந்தா இருக்கு. சின்னக் காய். வெளிறின காய்." கட்டைவிரல் நகத்தால் தொட்டுக் காட்டினார். "இது எப்ப எடுத்தது?"

"ஒரு லோடு தலை கொண்டு வந்தீங்களே. அப்ப."

"அப்பவே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஒன் மிஷினு பாக்கலையா?"

ராத்திரி முழுக்க மதுரை ரயிலில் சுரையா இந்தக் கேள்விக்கு ஒரு பதிலை மெருகேற்றி வைத்திருந்தாள். அந்தக் காலத்து இயந்திரத்துக்கு அவ்வளவு அறிவு இல்லை மச்சான், இப்போதுதான் தேறியிருக்கிறது. நல்ல பதில். போடியில் அதை மறுத்துப் பேச ஆள் கிடையாது. இயந்திரமும் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை.

அவள் வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"பாத்துச்சு மச்சான். சந்தேகம்னு அச்சடிச்சுக் குடுத்துச்சு. நாந்தான் கோடு போட்டு அடிச்சேன்."

"ஏன்?"

"உங்க படமாச்சேன்னு."

நாகூர் கனி கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மூட்டை வந்தாலும் சல்லடையில் போட்டுச் சலிப்பார்கள். பருங்காய் மேலே நிற்கும், பொடிக்காயும் குப்பையும் கீழே விழும். சம்பந்தம் செய்த வீட்டு மூட்டையை மட்டும் சலிப்பதில்லை. ஒரு பிடி அள்ளி முகர்ந்து, "நல்ல காய்" என்று சொல்லி ஓரமாக அடுக்கிவிட வேண்டும். சல்லடையை எடுத்தால், பெண் கொடுத்த இடத்தை நம்பவில்லை என்று அர்த்தம். சுரையா ஒன்பது வயதிலிருந்து பார்த்து வளர்ந்த ஒழுங்கு அது. சென்னையில், குளிர்சாதன அறையில், அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அன்று அவளுக்குத் தோன்றியது, மச்சான் தலையையா சந்தேகப்படுவது என்பதுதான். இயந்திரத்துக்குப் புத்தி போதவில்லை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கோடு போட்டாள். அந்தச் சிரிப்பு ஞாபகம் இருப்பதுதான் இப்போது தாங்க முடியவில்லை.

நாகூர் கனி இரண்டு படங்களையும் ஒழுங்காக உறைக்குள் வைத்தார்.

"சம்பந்தி வீட்டு மூட்டைன்னு சலிக்காம விட்டுட்ட."

அவள் தலையசைத்தாள்.

"அப்பவே எடுத்திருந்தா?"

"சுலபமா வந்திருக்கும். கைக்கு ஒரு சேதமும் இல்லாம."

"இப்ப?"

"உசுருக்குப் பயமில்லைன்னு டாக்டர் சொல்றாரு. கை…" அவள் உறையை வாங்கிக்கொண்டாள். "வலது கை எப்படி வரும்னு உறுதி சொல்ல முடியாதாம்."

அவர் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி காயை அள்ளி, எந்த மலை, எத்தனையாவது பறிப்பு என்று சொல்லும் கை. திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்காகிட்ட எப்படிச் சொல்றது மச்சான்?"

"சீக்கை நான் சொல்றேன். சிவப்புப் பென்சிலை நீ சொல்லு. அவுங்கவுங்க சரக்கை அவுங்கவுங்கதான் விக்கணும்."

ஜீப்புக்கு நடந்தார். சாவியைக் கோட்டைச்சாமியின் மடியில் போட்டார்.

"என்ன மாமா, நீங்க ஓட்டலையா?"

"இன்னிக்கு மட்டும் ஒன் பேச்சுக்கு நான் தலையாட்டுறேன், ஓட்டுடா."

இறங்கும் வழியெல்லாம் பின்னால் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒன்பதாவது வளைவு வரும் முன் நாகூர் கனியின் வலது கை விரல்கள் துடிக்கத் தொடங்கின. அவர் அந்தக் கையின்மேல் உட்கார்ந்துகொண்டு, நேரே சாலையைப் பார்த்தபடி இருந்தார். நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த சுரையா மட்டும் பார்த்தாள். துடிப்பு அடங்கும்வரை வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். மூன்று.

*

வீட்டு வாசலில் பாத்துமுத்து பல்லெல்லாம் தெரிய நின்றாள். கையில் ஒரு தந்தி.

"அடியே சுரையா, லண்டனுக்குப் போறியாம்ல! தபால்காரன் சோலைதான் படிச்சுச் சொன்னான். வாழ்த்துன்னு போட்டிருக்காம். நான் கேசரி கிண்டிட்டேன், மூணு வீட்டுக்குக் குடுத்தாச்சு!"

சுரையா தந்தியை வாங்கினாள். ஆராய்ச்சிக்கூடத்துத் தலைவர் அனுப்பியிருந்தார். சென்னையை விட்டுக் கிளம்பும் முன், நாற்பத்தொன்றாம் எண் தாளை ஜெராக்ஸ் எடுத்து, தான் செய்ததை ஒரு பக்கம் எழுதி, அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்திருந்தாள். அந்த ஒரு பக்கத்தை அவர் படித்தாரோ இல்லையோ, தாளைப் படித்துவிட்டார்.

"நாற்பத்தொன்றில் நம் இயந்திரம் மனிதரை வென்றது. வாழ்த்துகள். பழைய படத்துடன் திரும்பவும். நவம்பர் லண்டன் மாநாட்டில் நீங்களே பேசுகிறீர்கள்."

மூன்று வருஷமாக அவள் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத லண்டன். தோற்ற மனிதர் யார் என்று அங்கே மேடையில் யாரும் கேட்கப் போவதில்லை. மடித்துக் கைப்பையில், சிவப்புக் கோடு போட்ட தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

வீட்டின் முன்பகுதிதான் கடை. அங்கே சம்பந்தி கலீபுல்லா வந்து காத்திருந்தார். கம்பத்துக்காரர், மென்மையான மனுஷர், மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த வீடு. சலாம் சொல்லி, குடும்ப நலம் கேட்டு, பேரன் பல் முளைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மூட்டைகள் மூன்றும் இறங்கின. பையன்கள் வழக்கப்படி ஓரமாக அடுக்கப் போனார்கள்.

"அங்க வைக்காத" என்றார் நாகூர் கனி. "நடுவுல வை. அவுத்துவிடு."

அவிழ்த்தார்கள்.

"சல்லடையைக் கொண்டா."

யாரும் அசையவில்லை. கணக்குப்பிள்ளை காதில் செருகிய பேனாவை எடுத்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டார். கலீபுல்லா, தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"மச்சான்…" என்றாள் சுரையா, உள்வாசலிலிருந்து.

"சல்லடையைக் கொண்டாங்கடா!"

கொண்டுவந்தார்கள். மூன்று மூட்டையையும் சலித்தார்கள். கடைவீதியே எட்டிப் பார்த்தது. முடிந்தபோது கீழே விரித்த துணியில் பொடிக்காய் ஒன்றுகூட இல்லை. ஒரு சிட்டிகைத் தூசிதான் கிடந்தது. அத்தனையும் பச்சைப் பசேலென்ற முதல்தரக் காய்.

நாகூர் கனி அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டே நின்றார். குனிந்து தூசியை விரலால் தொட்டார். அப்படியே அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கலீபுல்லா தோள்துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். கோபப்பட்டவர் குரல் இல்லை அது, அடிபட்டவர் குரல்.

"காய் சுத்தமா இருக்கா சம்பந்தி? நல்லது. உங்க மகளையும் நாளைக்கு அனுப்பி வைக்கிறேன். அதையும் ஒருக்கச் சலிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க, வந்து கூட்டிக்கிறோம்."

படியிறங்கிப் போனவரை யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டியவர் தரையில் உட்கார்ந்து, துடிக்கத் தொடங்கிய வலது கையை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சம்பந்திக்கென்று கேசரித் தட்டோடு வந்த பாத்துமுத்து கதவோரம் நின்றுவிட்டாள். வாசலைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். கடைசியில் தங்கையைப் பார்த்தாள்.

"என்னடி ஆச்சு இவருக்கு? மெட்டுல இவருகிட்ட என்னடி சொன்ன? சம்பந்தி வீட்டு மூட்டையைப் போயி எவனாவது சலிப்பானா?"

சுரையா கைப்பையைத் திறந்தாள். தந்தியைத் தள்ளிவிட்டு, சிவப்புக் கோடு போட்ட அந்தத் தாளை எடுத்தாள்.

"சொல்றேங்கா," என்றாள். "மொதல்ல அந்தத் தட்டைக் கீழ வை."